பேர் எழுதாத கேசட்

கேசட்டை நீட்டுகிறவர்கள் முதலில் கேட்பது, "இது பாடுமாங்க?" என்றுதான். முப்பது நாற்பது வருடம் பரண்மேல் எலிப்புழுக்கைக்கு நடுவில் கிடந்த கேசட்கூடப் பெரும்பாலும் பாடிவிடுகிறது. அதன்பிறகு நான் கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வருவதில்லை. "யாருங்க பாடியிருக்கறது? எந்த ஊரு? எந்த வருசம்?" அப்பா பிடித்தது, அப்பாவுக்குத்தான் தெரியும் என்பார்கள். அப்பா இருக்க மாட்டார்.

கோவை டவுன்ஹால் பக்கம் 1980களில் ரெக்கார்டிங் சென்டர் வைத்தவன் நான். பாட்டு லிஸ்ட்டை நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். மெல்ட்ராக்கா டிடிகேயா, 60 நிமிடமா 90 நிமிடமா என்று கேட்டுக்கொண்டு ரெண்டு நாள் கழித்து வரச் சொல்லுவோம். சிடி வந்தது, பென் டிரைவ் வந்தது, போன் வந்தது, தொழில் போனது. விற்க மனமில்லாமல் வைத்திருந்த டெக்குகளுக்கு இப்போது எதிர்த்திசையில் வேலை வருகிறது. கேசட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்றித் தர வேண்டும். கல்யாணம், காதுகுத்து, குழந்தையின் மழலை, காலமான அம்மிச்சியின் குரல் என்று வருவதற்கு நடுவில் எப்போதாவது உடுக்கைப் பாட்டு வரும். ஊர் நோம்பியில், அதாவது கோயில் திருவிழாவில், யாரோ ஒருவர் டேப் ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எந்தக் கம்பெனியும் வெளியிடாத, வேறெங்கும் பிரதி இல்லாத பதிவு அது.

மரபைப் பாதுகாப்பது என்றால் கோயில், சிலை, கல்வெட்டு, ஓலைச்சுவடி என்றுதான் பேச்சு ஓடும். குரலை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொங்கு நாட்டில் அது பெரிய விடுபடல். இந்த மண்ணின் பெருங்கதை ஒன்று தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் குரலில்தான் இருந்தது.

அண்ணன்மார் கதையைச் சொல்கிறேன். குன்னுடையான் கதை, பொன்னர் சங்கர் கதை என்றும் சொல்வார்கள். குன்னுடையானுக்கும் தாமரைக்கும் பிறந்த பொன்னரும் சங்கரும் அண்ணன்மார். தங்கை தங்காள், அருக்காணி என்றும் பேர். கூடவே நிற்கும் சாம்புவன், எதிரில் நிற்கும் வேட்டுவர்கள், தலையூர்க் காளி, கொம்பன் என்கிற காட்டுப் பன்றி. கடைசியில் படுகளம். அண்ணன்மார் விழுகிற அந்த இடத்தைப் பாடும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அருள் வந்து அப்படியே சாய்வார்கள். தண்ணீர் தெளித்து எழுப்புகிற வரைக்கும் உடுக்கை நிற்காது. மணப்பாறைக்குப் பக்கத்தில் வீரப்பூரில் மாசி மாதம் இதற்கென்றே பெருந்திருவிழா. கவிஞர் சக்திக்கனல் ஏட்டுப் பிரதியிலிருந்து இதைப் புத்தகமாக்கினார். கலைஞர் கருணாநிதி நாவலாக எழுதினார், 2011இல் சினிமாவும் வந்தது. இத்தனை வடிவம் வந்தபிறகும், ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடியப் பாடுகிற குரல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ளப் புத்தகமும் உதவாது, சினிமாவும் உதவாது.

அந்தக் குரலை ஒருவர் முறையாகப் பிடித்து வைத்தார். காங்கேயம் பக்கத்தில் ஓலப்பாளையம் என்ற ஊர். 1960களின் நடுவில் அங்கே வந்து தங்கினார் பிரெண்டா பெக் என்ற இளம் மானிடவியல் ஆய்வாளர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர், பிற்பாடு கனடாவில் பேராசிரியரானவர். கொங்கு வேளாண் சமூகத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1972இல் வந்தது. அந்த ஊரில் இருந்தபோதுதான், 1965இல், ராமசாமி என்ற உடுக்கைப் பாடகர் அண்ணன்மார் கதையை முழுக்கப் பாடக் கேட்டு டேப்பில் பதிந்தார். 18 இரவு பாடியிருக்கிறார்கள். மொத்தம் ஏறத்தாழ 38 மணி நேரம்.

இந்த எண்ணைத் தொழில்காரனாகப் பார்க்கிறேன். உள்ளங்கை அளவு கேசட்டை பிலிப்ஸ் கம்பெனி அறிமுகப்படுத்தியது 1963இல்தான். அது நம் கிராமத்துக்கு வந்து சேர இன்னும் பல வருடம் ஆயிற்று. 1965இல் ஊருக்குள் ஒலிப்பதிவு என்றால் தட்டுத் தட்டாகச் சுழலும் ரீல் டேப். ரீல் தீரும்போது பாடகரை நிறுத்தச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதையில் ஓட்டை விழும். எந்த ரீல் எந்த இரவு, எந்தக் கட்டம் என்று அன்றன்றைக்கே எழுதி வைக்காவிட்டால் மறு வாரமே குழம்பிவிடும். பெக் எழுதி வைத்தார். பாடகர் பேர், ஊர், பாடிய வரிசை எல்லாம் இருந்ததால்தான் 1982இல் அந்தக் கதையைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வு நூல் எழுத முடிந்தது. 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனம் தமிழும் ஆங்கிலமுமாக இரண்டு தொகுதி வெளியிட முடிந்தது. பிறகு அவரே அதை 26 பகுதி கொண்ட கார்ட்டூன் படத் தொடராகவும் எடுத்தார். டேப்புகளும் புகைப்படங்களும் இப்போது டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகத்தில் மின்மயமாகியிருக்கின்றன. ஓலப்பாளையத்தில் பாடியது ஒன்டாரியோ ஏரிக்கரையில் இருக்கிறது என்று எங்கள் பக்கத்து ஆட்கள் சிலர் வருத்தப்படுவதுண்டு. எனக்கு அந்த வருத்தம் அவ்வளவாக இல்லை. அதே காலத்தில் அதைவிட நன்றாகப் பாடியவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் குரல் எந்தக் கரையிலும் இல்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் பக்கமே இருக்கிறது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் அறச்சலூர் நாகமலை. 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு அங்கே பாறையில் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்தார். கொங்கு நாட்டுச் செப்பேடுகளையும் ஓலைகளையும் ஊர் ஊராகப் போய்ச் சேர்த்தவர் அவர், பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டுத் துறைத் தலைவர். அந்தப் பாறையில் த, தை, தா, தே என்று அசைகளை ஐந்து ஐந்தாக வரிசை கட்டி வெட்டியிருக்கிறார்கள். ஆட்டத்துக்கோ தாளத்துக்கோ உரிய அடைவு. எழுத்தின் வடிவத்தை வைத்துக் கிறிஸ்து பிறந்ததற்குப் பிந்தைய முதல் சில நூற்றாண்டுகளுக்குள் என்கிறார்கள். இந்த எழுத்துகளைச் சேர்த்தவன் என்று தேவன் சாத்தன் என்ற பெயரும் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் வண்ணக்கன், அதாவது காசுக்கும் மணிக்கும் தரம் பார்த்துச் சொல்கிறவர். ஆள் பேர் தெரியும், தொழில் தெரியும், அசைகள் தெரியும். எந்த வேகத்தில் ஆடினார்கள், எப்படி ஒலித்தது என்பது மட்டும் போய்விட்டது. என் மேஜைக்கு வருகிற கேசட்டில் வேகம் இருக்கிறது, ஒலி இருக்கிறது, மூச்சு வாங்குவதுகூட இருக்கிறது. பேர் இல்லை.

வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். கேசட் வந்ததும் டெக்கில் போடக் கூடாது. பலர் வீட்டில் கிடக்கும் பழைய பிளேயரில் போட்டுப் பார்த்து, அது நாடாவைத் தின்றபிறகு எடுத்துவருகிறார்கள். முதலில் வெளிச்சத்தில் பிடித்துச் சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பார்க்க வேண்டும். ஓரத்தில் வெள்ளையாக மாவு பூத்தாற்போல இருந்தால் பூஞ்சை. அதை அப்படியே ஓட்டினால் ஹெட்டில் ஒட்டி அடுத்தவர் கேசட்டுக்கும் பரவும். நாடா நடுவில் ஒரு சின்னச் செப்புத் தகடும் அதன்மேல் கம்பளித் துணுக்கும் இருக்கும், நாடாவை ஹெட்டோடு ஒட்டி அழுத்துவதற்கு. அந்தப் பசை காய்ந்து துணுக்கு விழுந்திருந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கும். கேட்கிறவர் டேப் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுவார். டேப் நன்றாகத்தான் இருக்கும். ஐந்து திருகாணியைக் கழற்றி, நல்ல கேசட் கூட்டுக்குள் சுருளை மாற்றி வைத்தால் தெளிவாகப் பாடும். ஒட்டின கேசட் என்றால் திருகாணி இருக்காது, கத்தியால் விளிம்பைப் பிளக்க வேண்டும். கை நடுங்குகிறவர்கள் அதைச் செய்யக் கூடாது.

அடுத்தது ஹெட். ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்துத் துடைக்கிறேன். பழைய நாடா ஓடினால் பஞ்சு செம்பழுப்பாக வரும். அந்தப் பழுப்புத் தூள்தான் பாட்டு. இரும்பு ஆக்சைடு துகளில்தான் குரலைக் காந்தமாக எழுதியிருக்கிறது, அது உதிர உதிரப் பாட்டும் உதிர்கிறது. பிறகு ஹெட்டின் சாய்வு. பதிந்த மெஷினில் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் என் டெக்கிலும் அதே சாய்வு வேண்டும். ஹெட் பக்கத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை மெல்லத் திருகிக்கொண்டே, உடுக்கையின் 'டிண்' என்ற மேல்சத்தம் எப்போது பளிச்சென்று விழுகிறது என்று காதால் பிடிக்க வேண்டும். இதற்குச் சாப்ட்வேர் கிடையாது. சாய்வு தப்பாக இருக்கும்போது ஏற்றிவிட்டால் தொலைந்த மேல்சத்தத்தைப் பின்னால் எந்தக் கணினியும் கொண்டுவராது.

வேகம் இன்னொரு தொல்லை. பாதிப் பதிவுகள் பேட்டரியில் எடுத்தவை. ராத்திரி ஏற ஏற பேட்டரி இறங்கும், மோட்டார் மெதுவாகும். மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று வேகமாக வரும். கதை தொடங்கும்போது நாற்பது வயது ஆள் மாதிரிப் பாடியவர் படுகளம் வரும்போது பத்து வயதுப் பையன் மாதிரி ஆகிவிடுவார். எவ்வளவு சரிசெய்வது? உடுக்கையை வைத்துக் கணக்குப் போட முடியாது, நடுக்கயிற்றை இறுக்கித் தளர்த்தி அடிக்கிறவர் சுருதியை மாற்றிக்கொண்டே இருப்பார். எனக்குக் கைகொடுப்பது மைக் செட். கோயிலில் மைக் செட் போட்டிருந்தால் ஆம்பிளிபயரின் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் டேப்பிலும் விழுந்திருக்கும். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 அதிர்வு. அந்த இரைச்சல் கணினியில் 53 என்று காட்டினால் அந்த இடத்தில் மெஷின் எவ்வளவு தளர்ந்திருந்தது என்று கணக்குத் தெரிந்துவிடும். எல்லாரும் ஒழிக்கச் சொல்கிற அந்த இரைச்சல்தான் எனக்கு அளவுகோல்.

ஆகவே இரைச்சலை ஒழிக்காமல்தான் முதல் பிரதி எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. "சத்தமெல்லாம் கிளீன் பண்ணிக் குடுங்கண்ணா" என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். பண்ணித் தருகிறேன், தனிப் பிரதியாக. மூலப் பிரதியில் நாய் குரைத்தால் குரைக்கட்டும். அந்த வேண்டாத சத்தத்தில்தான் சில நேரம் விலாசமே இருக்கிறது.

வெள்ளக்கோயில் பக்கத்திலிருந்து ஒருவர் பிஸ்கட் டின் நிறையக் கேசட் கொண்டுவந்தார். நீல மையில் 'நோம்பி-2' என்று எழுதியிருந்ததைத் தவிர விவரம் இல்லை. ஏற்றி முடித்தபிறகு, "ஊர்ல பெரியவங்க யாராச்சும் இருந்தா ஒருக்கா கூட்டிட்டு வாங்க" என்றேன். பெரியம்மாவைக் கூட்டிவந்தார். எண்பது தாண்டிய அம்மாள். ஹெட்போன் வேண்டாம் என்றுவிட்டார். ஸ்பீக்கரில் வைத்தேன்.

பாட்டுத் தொடங்குவதற்கு முன்னாலேயே, "அட, முத்தூர்க்காரரு" என்றார்.

"எப்படிங்காத்தா? இன்னும் பாடவே இல்லீங்களே."

"செருமறாரு பாருங் தம்பி. ஈளை நோவு அவருக்கு. ரெண்டு தரம் செருமாம எடுக்க மாட்டாரு. பின்பாட்டுப் பாடறது அவரு மச்சினன், அவுங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க, பாட்டுல மட்டுந்தான் பேச்சு."

கொஞ்ச நேரம் கழித்து டேப்பில் தூரத்தில் ஒரு ஆள் "காப்பி ஆறுதுங்க" என்று கத்துகிறார். அம்மாள் சிரித்துவிட்டார். "எங்க மாமனாருங். அந்த வருசந்தான் அவரு கோயில் காரியம் பாத்தாரு. மாரியாத்தா நோம்பிய ஒரு மாசந் தள்ளிப் போட்டாங்க, கெணத்துல தண்ணியில்லாம." மாமனார் கோயில் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு வருடம் என்பதால் பதிவின் வருடம் கிடைத்துவிட்டது. ஊர் கிடைத்தது, பாடகர் கிடைத்தார், பின்பாட்டுக்காரரும் கிடைத்தார். இரைச்சலை வடிகட்டியிருந்தால் செருமலும் போயிருக்கும், காப்பியும் போயிருக்கும்.

அந்த அம்மாள் பேசியதை நான் போனில் பதிந்துகொண்டேன். இப்போது எல்லாரிடமும் இதைத்தான் சொல்கிறேன். பெட்டியிலிருக்கும் கேசட் இன்னும் சில வருடம் தாங்கும். அதைக் கேட்டு 'இன்னார்' என்று சொல்லக்கூடியவர்களுக்கு எண்பது ஆகிவிட்டது. முதல் வேலை அவர்களை உட்காரவைத்துக் கேட்பது. கேசட்டை ஓடவிட்டுக்கொண்டே, அவர்கள் பேசுவதை இன்னொரு போனில் பதிய வேண்டும். இதற்குக் காசு ஆகாது, என் மாதிரிக் கடைக்காரனும் தேவையில்லை. டொராண்டோவில் எவ்வளவு பெரிய ஸ்கேனரும் சர்வரும் இருந்தாலும் முத்தூர்க்காரர் செருமலை அடையாளம் காண்கிற ஆள் அங்கே இருக்க மாட்டார்.

மெஷினுக்கும் அவகாசம் அதிகமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். யுனெஸ்கோவும் உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமும் சேர்ந்து 2019இல் ஒரு எச்சரிக்கை விடுத்தன. காந்த நாடாவை ஓட்டுகிற நல்ல மெஷின்கள், உதிரி பாகம், பழுது பார்க்கத் தெரிந்த ஆள் மூன்றும் 2025ஐ ஒட்டி அரிதாகிவிடும், அதற்குள் பதிவுகளைக் கணினிக்கு மாற்றுங்கள் என்று. கோவையில் இருந்துகொண்டு அது உண்மை என்று நான் சொல்லுவேன். இந்த ஊரில் எந்த இரும்புச் சாமானையும் கடைந்து தருவார்கள். கேசட் டெக்கின் ரப்பர் உருளைக்கும் ஹெட்டுக்கும்தான் நாக்குத் தள்ளுகிறது.

ஏற்றுவது எந்த வடிவில் என்பதில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. எம்பி3 என்பது காதுக்குத் தெரியாது என்று கணினி நினைக்கிறதை வெட்டியெறிந்துவிட்டுச் சுருக்குவது. கேட்க அது போதும், காக்க அது போதாது. வெட்டாமல் வைப்பது வேவ் கோப்பு. காப்பகங்கள் பரிந்துரைக்கிற தரத்தில், நொடிக்கு 96,000 தடவை அளந்து 24 பிட்டில் எழுதினால், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 2 ஜிபி ஆகும். பெரிதாகத் தோன்றலாம். அந்தக் கணக்கில் ஓலப்பாளையத்தின் 18 இரவும் 80 ஜிபிக்குள் அடங்கிவிடும், கட்டைவிரல் அளவு பென் டிரைவில் கொள்ளும்.

அந்தப் பென் டிரைவோடு விட்டால் தீர்ந்தது கதை. கேசட் நாற்பது வருடம் பரணில் கிடந்து பாடுகிறது, பென் டிரைவ் பத்து வருடம் மேசை அறையில் கிடந்தால் பேசுமா என்று எனக்கு நிச்சயமில்லை. கேசட் கெடும்போது இரைந்து, மங்கி, விட்டுவிட்டுப் பாடி நமக்குச் சொல்லிவிட்டுக் கெடும். ஹார்டு டிஸ்க் நேற்று வரை நன்றாக இருந்து இன்றைக்குத் திறக்காது. ஆகவே மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். திருப்பூரில் மகள் வீட்டில் ஒன்று இருந்தால்கூடப் போதும். கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை எண் உண்டு. கோப்பு முழுவதையும் கணக்கிட்டுக் கணினி தருகிற நீள எண் அது. ஒரு துளி மாறினாலும் எண் மாறிவிடும். வருடத்துக்கு ஒரு தடவை அதைச் சரிபார்த்து, ஐந்தாறு வருடத்துக்கு ஒரு தடவை புது டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். மின்மயமாக்குவது ஒருநாள் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பட்டா நிலம் மாதிரி வருடா வருடம் கிஸ்தி கட்ட வேண்டிய சொத்து அது.

"நெட்ல ஏத்திட்டா அது பாட்டுக்கு இருக்கும்ல?" என்று கேட்கிறார்கள். 2019இல் மைஸ்பேஸ் என்ற அமெரிக்க இணையதளம், பன்னிரண்டு வருடமாகத் தன்னிடம் ஏற்றப்பட்ட பாட்டுகள் சர்வர் மாற்றும்போது அழிந்துவிட்டன என்று கைவிரித்தது. 5 கோடிக்கும் மேற்பட்ட பாட்டு. தனியார் கம்பெனிதானே என்று விட்டுவிடலாம். லண்டன் பிரிட்டிஷ் நூலகம் அப்படியல்ல. 2004 முதல் உலகமெங்கும் அழிகிற நிலையிலுள்ள ஆவணங்களை மின்மயமாக்கப் பணம் கொடுத்து வருகிற நூலகம் அது. தமிழ்நாட்டுச் சுவடிகளும் அதில் உண்டு. 2023 அக்டோபரில் இணையத் திருடர்கள் அதன் கணினிகளைத் தாக்கினார்கள். காப்பகங்களின் இணையப் பக்கங்கள் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. கோப்புகள் பிழைத்துக்கொண்டாலும், அந்த மாதங்களில் பிரதி கையில் வைத்திருந்தவர் மட்டும்தான் படிக்க முடிந்தது.

எங்கே வைப்பது என்பதில் நமக்குப் பழைய வழக்கும் உண்டு. தமிழ்க் கல்வெட்டுகளிலிருந்து காகிதத்தில் எடுத்த மைப்படிகள் பல காலம் ஊட்டியில் இருந்தன, 1966இல் மைசூருக்குப் போயின. 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. காகிதத்துக்கு அந்தச் சண்டை நியாயம், ஒரே பிரதி ஓரிடத்தில்தான் இருக்க முடியும். ஒலிக் கோப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை. டொராண்டோவிலும் இருக்கலாம், காங்கேயம் கிளை நூலகத்திலும் இருக்கலாம். காங்கேயத்தில் இல்லை என்பதற்கு டொராண்டோவைக் குறைசொல்வதில் அர்த்தமில்லை.

இனி யாரும் பேசத் தயங்குகிற பகுதி. கையில் கேசட் இருக்கிறவர் பாட்டுக்குச் சொந்தக்காரரா? 1994இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை வந்தது. இப்போது அது நிகழ்ச்சிக்குப் பிறகு 50 ஆண்டு. 1980களில் நோம்பியில் பாடியவரைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்று வக்கீல்கள் சொல்லட்டும். பாடியவர் வீட்டைத் தேடிப்போய்க் கேட்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை. முத்தூர்க்காரர் பேரன் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். தாத்தா குரலை அவர் கேட்டதே இல்லை. அவர் பிறப்பதற்கு முன்பே தாத்தா இறந்துவிட்டார். கோப்பை அனுப்பினோம். யூடியூபில் போடலாமா என்று கேட்டதற்கு, படுகளம் மட்டும் வேண்டாம் என்றார். அதைக் கோயிலுக்கு வெளியே பாட அவர்கள் வீட்டில் யாரும் சம்மதித்ததில்லையாம். கேசட் கொண்டுவந்தவருக்கு முகம் சுண்டிவிட்டது, படுகளம்தான் அவருக்கு வேண்டியது. படுகளத்தை மட்டும் நிறுத்தி வைத்திருக்கிறோம். கோப்பு மூன்று இடத்தில் இருக்கிறது, பொதுவில் இல்லை. அதில் தப்பொன்றும் இல்லை. பாதுகாப்பது வேறு, பரப்புவது வேறு. ஒப்பாரிப் பதிவு வந்தால் வீட்டாரிடம் கொடுத்துவிட்டு நான் எங்கும் ஏற்றுவதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. அண்ணன்மார் கதையில் வேளாளரும் வேட்டுவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். பாடுகிறவர் எந்த ஊர், யார் முன்னால் பாடுகிறார் என்பதைப் பொறுத்துக் கதை சாயும், வசவு கூடும் குறையும். சில கேசட்டில் இன்றைக்குக் கேட்டால் கோபம் வருகிற பேச்சுகள் இருக்கின்றன. அந்த இடத்தை வெட்டிவிட்டுக் கொடுங்கள் என்று சிலர் கேட்கிறார்கள். மூலப் பிரதியில் வெட்ட மாட்டேன் என்று சொல்லிவிடுவேன். ஊர் எப்படிப் பேசியது என்பதும் ஆவணம்தான். மேடையில் போட்டுக் காட்டும்போது எதை விடலாம் என்பது அவர்கள் பொறுப்பு.

வருகிறவர்களிடம் இப்போது ஒரு தாள் கொடுத்து நிரப்பச் சொல்கிறேன். பாடியவர், பின்பாட்டு, உடுக்கை அடித்தவர், ஊர், கோயில், நோம்பி, மாதம், வருடம், பதிந்தவர், மெஷின், இப்போது கேசட் யாரிடம், பாடியவர் வீட்டில் கேட்டாயிற்றா, என்ன சொன்னார்கள், இந்த விவரமெல்லாம் யார் சொன்னது. கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் விவரம் முரண்பட்டால் யாரிடம் திரும்பப் போவது என்று அதுதான் சொல்லும். அந்தத் தாளையே போட்டோ பிடித்து ஒலிக் கோப்போடு ஒரே போல்டரில் போடுகிறேன். கேசட் அட்டையையும் இரண்டு பக்கமும் படமெடுத்து வைக்கிறேன், அடித்தல் திருத்தல், காப்பிக் கறை உட்பட. கோப்புக்குப் பேர் வைக்கும்போது 'அப்பா கேசட் நியூ பைனல்' என்று வைக்காமல் வருடம், ஊர், பாடியவர் என்ற வரிசையில் வைத்தால் பேரப்பிள்ளைகள் தேடும்போது கிடைக்கும்.

அந்த பிஸ்கட் டின்னில் 'நோம்பி-2' தவிர இன்னொரு கேசட் பேரில்லாமல் நிற்கிறது. பெரியம்மாவுக்கும் அடையாளம் தெரியவில்லை. 1980களின் நடுப்பகுதியாக இருக்கலாம். பெண் குரல், அதுதான் அதிசயம், ஏனென்றால் இந்தப் பக்கம் உடுக்கை பிடித்துக் கதை பாடிய பெண்ணை நான் கேட்டதில்லை. தங்காள் கிளியை விட்டுத் தேடச் சொல்லுகிற கட்டத்தைப் பாடுகிறார். நடுவில் நிறுத்தி, யாரிடமோ "மாப்ளே, மாட்டப் புடிங்க" என்கிறார், கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். பின்னால் ரயில் கூவுகிறது, அதனால் ஊத்துக்குளி, ஈங்கூர், கொடுமுடி என்று தண்டவாளம் ஓரத்து ஊர்களில் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் குரலைத் தெரிந்த வீடு இருந்தால், கேசட்டும் டெக்கும் தயாராக இருக்கின்றன, வந்து ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க.